சோஷியல் செக்யூரிட்டி உச்சவரம்பு தம்பதிக்கா, தனிநபருக்கா?

கேள்வி: நானும் என் கணவரும் அமெரிக்காவில் பணிபுரிகிறோம், வருமான வரிக் கணக்கை இருவரும் சேர்ந்தே தாக்கல் செய்கிறோம். 2025ஆம் ஆண்டில் அவருடைய சம்பளம் 1,50,000 டாலர். ஆண்டின் நடுவில் வேலை மாறிய எனக்கு முதல் நிறுவனத்தில் 1,10,000 டாலரும் அடுத்ததில் 90,000 டாலரும் கிடைத்தன. ஓய்வூதியம் போன்ற சமூகப் பாதுகாப்புக்காகப் பிடிக்கப்படும் சோஷியல் செக்யூரிட்டி வரி, சம்பளத்தில் ஓர் உச்சவரம்பு வரைதானே உண்டு; அந்த உச்சவரம்பை இருவரின் சம்பளத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கணக்கைச் சேர்ந்து தாக்கல் செய்தாலும் இந்த உச்சவரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது. 2025இல் அது 1,76,100 டாலர்; அதற்கு 6.2 சதவீத வீதம் ஒருவர் செலுத்த வேண்டிய அதிகபட்ச வரி 10,918.20 டாலர். உங்கள் கணவர் அந்த வரம்பை எட்டவில்லை என்பதால் அவரிடம் பிடித்த 9,300 டாலர் சரியானதே. அவருடைய வரம்பில் எஞ்சியிருக்கும் இடத்தை உங்கள் சம்பளத்துக்குப் பயன்படுத்தவும் முடியாது.

உங்கள் நிலை வேறு. ஒரு நிறுவனம் பிடித்ததை மற்றொன்று கணக்கில் கொள்வதில்லை என்பதால், இரண்டும் சேர்ந்து உங்களிடம் 12,400 டாலர் பிடித்திருக்கும். கூடுதலாகப் போன 1,481.80 டாலரை 1040 என்ற வருமான வரிப் படிவத்தின் மூன்றாம் அட்டவணையில் காட்டி வரவாகப் பெறலாம். நிறுவனங்கள் தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவங்கள் இரண்டிலும் நான்காம் கட்டத்திலுள்ள தொகைகளைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள், பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரே நிறுவனம் அதிகமாகப் பிடித்திருந்தால் மட்டும் இவ்வழி செல்லாது; அந்த நிறுவனத்திடமே திரும்பக் கேட்க வேண்டும்.

முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிகேர் வரிதான் தம்பதியரைச் சேர்த்துப் பார்க்கிறது. அதன் 1.45 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. அதற்கு மேல், சேர்ந்து தாக்கல் செய்வோரின் கூட்டுச் சம்பளம் 2,50,000 டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்குக் கூடுதலாக 0.9 சதவீதம் உண்டு. உங்கள் கூட்டுச் சம்பளம் 3,50,000 என்பதால் 900 டாலர் செலுத்த வேண்டும். ஆனால் எந்த நிறுவனமும் தான் தரும் சம்பளம் 2,00,000 டாலரைத் தாண்டிய பிறகே இதைப் பிடிக்கத் தொடங்கும் என்பதால், உங்களிடம் ஒரு காசும் பிடித்திருக்காது. 8959 படிவத்தில் கணக்கிட்டு நீங்களே கட்ட வேண்டும். தனியாள் ஒருவருக்கு 2,00,000 டாலர் வரை விலக்கு இருக்க, மணமான இருவருக்குச் சேர்த்து 2,50,000 மட்டுமே என்பதும், 2013 முதல் விலைவாசிக்கேற்ப அது உயர்த்தப்படவே இல்லை என்பதும் நியாயமற்றவை என்றே நான் கருதுகிறேன்.

இனிவரும் ஆண்டுகளில் இத்தொகை மொத்தமாக வந்து சேராமலிருக்க, உங்களில் ஒருவர் வரிப் பிடித்தத்துக்கான டபிள்யூ-4 படிவத்தின் 4(சி) பகுதியில் சம்பளந்தோறும் கூடுதலாகப் பிடிக்க வேண்டிய தொகையைக் குறித்து நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம்.