ஞானஸ்நானம் எடுத்தாலே மறுபடியும் பிறந்துவிட்டோமா?

குழந்தையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் பெற்ற நீங்கள், இப்போது கோலாலம்பூரில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறீர்கள். "நான் மறுபடியும் பிறந்தவனா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், ஒரே வட்டாரத்திலேயே இதற்கு வெவ்வேறு பதில் கிடைக்கும். கத்தோலிக்கரும் லுத்தரன்களும் திருமுழுக்கிலேயே, அதாவது ஞானஸ்நானத்திலேயே, தேவன் புதுப்பிறப்பைத் தருகிறார் என்பார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் மனந்திரும்பி விசுவாசிக்கும்போதே பிறப்பு. தண்ணீரில் மூழ்குவது அதற்கு வெளிப்படையான சாட்சி.

இரு தரப்பும் நிற்பது யோவான் 3:5-இல்தான். "ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால்" என்று இயேசு, நிக்கொதேமு என்ற யூதத் தலைவரிடம் சொல்கிறார். அந்த ஜலம் ஞானஸ்நானமா, இல்லை எசேக்கியேல் 36 சொல்லும் உள்ளச் சுத்திகரிப்பா என்பதில்தான் வழக்கு.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அப்போஸ்தலர் நடபடிகள். 10-ஆம் அதிகாரத்தில் ரோம நூற்றுக்கதிபதி கொர்நேலியுவின் வீட்டாருக்குப் பரிசுத்த ஆவி முதலில் வருகிறது, தண்ணீர் அப்புறம். 8-ஆம் அதிகாரத்தில் சமாரியர் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள், ஆவி பிறகுதான் வருகிறது. அதே அதிகாரத்தில் மாயவித்தைக்காரன் சீமோன் ஞானஸ்நானம் பெற்றும், ஆவியின் வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்க்கிறான். "உன் இருதயம் செம்மையாயிருக்கவில்லை" என்று பேதுரு கண்டிக்கிறார். ஆவியானவரை ஒரே வரிசைக்குள் கட்டிவைக்க முடியாது. ஆனாலும் கொர்நேலியுவிடம் "ஆவி வந்தாயிற்று, தண்ணீர் எதற்கு?" என்று பேதுரு சொல்லவில்லை, உடனே ஞானஸ்நானம் கொடுக்கச் சொன்னார். அதனால் அதை வெறும் சடங்கு என்று தள்ளுவதும் எனக்கு ஒப்பவில்லை.

சிலுவையில் மனந்திரும்பிய கள்ளனுக்கோ தண்ணீருக்கே நேரமில்லை, பரதீசு கிடைத்தது.

மறுபடியும் மூழ்கி ஞானஸ்நானம் எடுக்கலாமா என்பதை உங்கள் பழைய போதகரிடமும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். கிறிஸ்துவை இன்று நம்புகிறீர்கள் என்றால், அந்தப் பேச்சுக்குப் பயத்தோடு போக வேண்டியதில்லை.