ஒரே லொறி, ஒரே ட்ரைவர்: ட்ரான்ஸ்போர்ட் மனேஜர் யார்?

பிரித்தானியாவில் சொந்த லொறி ஓட்டும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். இவை இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய இடங்களுக்குப் பொருந்தும். வட அயர்லாந்தில் லைசென்ஸ் முறை வேறு. ட்ரான்ஸ்போர்ட் மனேஜர் என்பவர் லொறிகளின் ஓட்டத்தையும் பராமரிப்பையும் பொறுப்பேற்று நிர்வகிப்பவர்.

கேள்வி: பதினெட்டு டன் லொறி ஒன்று வாங்கி, மற்றக் கொம்பனிகளின் சாமான்களை ஏற்றி ஓட இருக்கிறேன். ட்ரைவர் சிபிசி (தொழில்முறைத் தகுதிச் சான்றிதழ்) 35 மணி நேரமும் முடித்துவிட்டேன். அதை வைத்தே என்னை ட்ரான்ஸ்போர்ட் மனேஜராகப் போடலாமா? முடியாதென்றால் படிப்பது நல்லதா, ஆள் பிடிப்பது நல்லதா?
- லெஸ்டர் வாசகர்

பதில்: போட முடியாது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ட்ரைவர் சிபிசி என்பது லொறி ஓட்டுபவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணி நேரம் வகுப்பில் இருந்து புதுப்பிப்பது. ட்ரான்ஸ்போர்ட் மனேஜர் சிபிசி முற்றிலும் வேறு தகுதி. அதற்குப் பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டும். ஒரு தாள் பல்தேர்வு வினாக்கள், மற்றது ஒரு கொம்பனியின் நிலைமையைக் கொடுத்து விடை கேட்கும் கேஸ் ஸ்டடி. இரண்டிலும் சித்தி வேண்டும். ஒருமுறை எடுத்தால் அந்தச் சான்றிதழ் காலாவதியாவதில்லை.

மற்றவர்களின் சாமானை கூலிக்கு ஏற்ற, 3.5 டன்னுக்கு மேற்பட்ட வாகனத்துக்கு ஸ்டாண்டர்ட் ஒப்பரேட்டர் லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸில் தகுதியுள்ள ட்ரான்ஸ்போர்ட் மனேஜர் ஒருவரின் பெயர் இருந்தே ஆகவேண்டும். ஒரு லொறிதானே என்று விதிவிலக்குக் கிடையாது.

நீங்களே படியுங்கள் என்பதுதான் எங்கள் ஆலோசனை. வெளியாள் ஒருவரை வைத்தாலும் லைசென்ஸ் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. ப்ரேக் பழுதோடு லொறி பிடிபட்டால், டாக்கோவின் (ஓட்ட நேரத்தையும் ஓய்வையும் பதியும் கருவி) பதிவில் பிழை இருந்தால், ட்ராஃபிக் கமிஷனர் (லைசென்ஸ் கொடுக்கவும் பறிக்கவும் அதிகாரம் உள்ளவர்) உங்களையும் கூப்பிட்டுக் கேட்பார். "மனேஜர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்" என்ற பதில் அங்கே எடுபடாது. எப்படியும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களுக்கு இன்னொருவருக்கு மாதாமாதம் பணம் கட்டுவது ஒரு லொறிக்காரருக்குப் பெரிய சுமை. அந்த ஆள் திடீரென்று விலகினால் உங்கள் தொழிலே ஆட்டங்காணும்.

பாடத்திட்டத்தில் ஒப்பந்தச் சட்டம், வேலை நேரச் சட்டம், வரி, வியாபாரக் கணக்கு, வாகனத் தொழில்நுட்பம், வீதிப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. லொறி ஓட்டிப் பழகியவர்களுக்கு டாக்கோவும் பராமரிப்பும் சுலபம். கஷ்டப்படுத்துவது செலவுக் கணக்குத்தான். நின்றாலும் ஓடினாலும் வரும் செலவு, மைலுக்கு மைல் கூடும் செலவு என்று பிரித்து, ஒரு பயணத்துக்கு எவ்வளவு கேட்பது என்று கணிக்கச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் வேகமாக வாசித்து எழுதப் பழகாதவர்கள் பழைய கேஸ் ஸ்டடி தாள்களை நேரம் வைத்துச் செய்து பார்க்க வேண்டும். விடை தெரிந்தும் நேரம் போதாமல் தவறவிடுபவர்கள் உண்டு.

பரீட்சை முடியும்வரை காத்திருக்க முடியாவிட்டால், அதுவரை வெளியாள் ஒருவரை ஒப்பந்தத்தில் வைத்து விண்ணப்பியுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் உங்கள் பெயருக்கு டிஎம்1 படிவம் போட்டு மாற்றலாம். உங்கள் பெயர் ஏறியது உறுதியான பிறகுதான் அவரை விடுவிக்க வேண்டும்.

கேள்வி: வெளி மனேஜர் ஒருவர் குறைந்த மாதக் கட்டணத்துக்கு வருகிறார். "நேரில் வரத் தேவையில்லை, ஏதாவது என்றால் ஃபோன் பண்ணுங்கள்" என்கிறார். நம்பலாமா?
- லண்டன் ஹரோ வாசகர்

பதில்: வேண்டாம். அவர் விற்பது தன் பெயரை மட்டும். மனேஜர் உண்மையாகவும் தொடர்ச்சியாகவும் போக்குவரத்தை நிர்வகிக்க வேண்டும் என்கிறது சட்டம். இரண்டு வாகனம் வரை வாரத்துக்கு 2 முதல் 4 மணி நேரம், மூன்று முதல் ஐந்து வாகனத்துக்கு 4 முதல் 8 மணி நேரம் என்று சீனியர் ட்ராஃபிக் கமிஷனரின் வழிகாட்டல் ஆவணம் ஓர் ஆரம்ப அளவு தருகிறது. வெளி மனேஜர் அதிகபட்சம் நான்கு ஒப்பரேட்டர்களுக்கு, மொத்தம் 50 வாகனங்களுக்குத்தான் வேலை செய்யலாம்.

ஒப்பந்தம் போட முன் அவருடைய அசல் சான்றிதழைப் பாருங்கள். வேறு எந்தெந்த லைசென்ஸில் இருக்கிறார், அங்கே எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். ஒப்பரேட்டர்களின் விபரங்கள் அரசாங்க இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கக்கூடியவை. அவர் சொன்னதோடு ஒத்துப் பாருங்கள். லொறியை ஓடவிடாமல் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் மனேஜர் என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு வருகைக்கும் திகதி போட்டு, என்ன பார்த்தார் என்று கையொப்பமிட்ட குறிப்பும் வாங்கி வையுங்கள். டாக்கோ பதிவைக் கேட்காமல் ஒரு மாதம் போனால் ஆளை மாற்றுங்கள்.

கேள்வி: பாஸ் பண்ணிவிட்டேன். ட்ரைவரும் நான், மனேஜரும் நான். வாரத்துக்கு அந்த 2, 4 மணி நேரத்தில் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?
- பர்மிங்ஹாம் வாசகர்

பதில்: உங்கள் பிழையை நீங்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது; ஒரு லொறிக்காரரின் பலவீனம் அதுதான். அதனால் எல்லாம் தாளில் இருக்க வேண்டும்.

டாக்கோவில் இருந்து தொடங்குங்கள். டாக்கோவில் போடும் ட்ரைவர் கார்ட்டை 28 நாளுக்குள்ளும் லொறியில் பூட்டிய டாக்கோ யூனிட்டை 90 நாளுக்குள்ளும் டவுன்லோட் செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் எல்லை. கார்ட்டை வாரம் ஒருமுறை எடுங்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய பிழையின் காரணம் ஞாபகத்தில் இருக்காது. வெளி நிறுவனம் ஒன்றிடம் பகுப்பாய்வு செய்வியுங்கள். பிழை காட்டினால் காரணம் எழுதிக் கையொப்பமிடுங்கள். பதிவுகளை 12 மாதம் வைத்திருக்க வேண்டும்.

அடிக்கடி வரும் பிழைகள் சில. நாலரை மணி நேர ஓட்டத்துக்கு 45 நிமிட இடைவேளையைப் பிரித்து எடுக்கும்போது முதலில் 15, பிறகு 30 நிமிடம் என்றுதான் இருக்க வேண்டும். முதலில் 30 எடுத்து பிறகு 15 எடுத்தால் செல்லாது. இறங்கி நிற்கும்போது டாக்கோ சுவிட்ச் "வேறு வேலை" என்ற இடத்தில் கிடந்தால் அது இடைவேளையாகப் பதிவாகாது. கார்ட் வெளியே இருந்த நேரத்தில் சாமான் ஏற்றியிருந்தால் அதைக் கையால் பதிய வேண்டும். பதியாமல் விட்ட நேரமும், கார்ட் இல்லாமல் ஓடிய மைலும் பரிசோதகரின் கண்ணில் முதலில் படும்.

அடுத்தது பராமரிப்பு. சேஃப்டி இன்ஸ்பெக்ஷன் திகதிகளை ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே குறித்து வையுங்கள். 12 வயது தாண்டிய வாகனத்துக்கு ஆறு வாரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. கராஜில் இருந்து தாள் வந்ததும் கோப்பில் போட்டு மூடாதீர்கள். திருத்திய பழுதுகள் எழுதப்பட்டிருக்கின்றனவா, ஓடத் தகுதி என்று கையொப்பம் இருக்கிறதா, ரோலர் ப்ரேக் டெஸ்ட் (சில்லை உருளையில் சுழலவிட்டு ப்ரேக்கை அளப்பது) அச்சுத்தாள் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் லொறியில் டெஸ்ட் செய்தால் சில்லு சீக்கிரமே இறுகி நின்றுவிடும், ப்ரேக்கின் உண்மையான பலம் தெரியாது. பாரம் ஏற்றிக்கொண்டு போங்கள். இந்தத் தாள்களை 15 மாதம் வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் லொறியைச் சுற்றிப் பார்த்துப் பழுதுத் தாள் எழுதுவதும் உங்கள் வேலை. சில்லுக் கழற்றிப் பூட்டினால் அரை மணி நேரம் ஓடிய பின், அல்லது 40 முதல் 80 கிலோமீற்றருக்குள், நட்டுகளை டோர்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் சாவி) வைத்துத் திரும்ப இறுக்கி அதையும் குறியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவரைக் கொண்டு கோப்புகளை முழுதாகச் சோதிப்பியுங்கள். வெளி மனேஜருக்குக் கட்டாமல் மிச்சம் பிடித்த பணத்தில் இதற்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கேள்வி: நண்பருக்கு லைசென்ஸ் இருக்கிறது. அவருடைய டிஸ்க்கை (லைசென்ஸுக்கான வில்லையை) என் லொறியில் ஒட்டி ஓடச் சொல்கிறார்.
- க்ரோய்டன் வாசகர்

பதில்: ஓடவே கூடாது. லொறி உங்களுடையது, ஓட்டுவதும் நீங்கள் என்றால், 1995 ஒப்பரேட்டர் லைசென்ஸ் சட்டப்படி அதைப் பயன்படுத்துபவர் நீங்களே. உங்களுக்கென்று லைசென்ஸ் வேண்டும். பிடிபட்டால் டிவிஎஸ்ஏ (வாகனங்களைச் சோதிக்கும் அரசாங்க நிறுவனம்) லொறியைக் கையகப்படுத்தலாம். நண்பரின் லைசென்ஸும் ஆபத்தில் விழும்.

கேள்வி: எங்கள் கடைகளுக்கு எங்கள் சொந்தச் சாமானை மட்டும் ஏழரை டன் லொறியில் ஏற்றுகிறோம். எங்களுக்கும் மனேஜர் வேண்டுமா?
- மில்டன் கீன்ஸ் வாசகி

பதில்: ரெஸ்ட்ரிக்டட் (சொந்தச் சாமானுக்கு மட்டுமான) லைசென்ஸ் போதும் அம்மா, மனேஜர் கட்டாயமில்லை. ஆனால் மேலே சொன்ன டாக்கோ, பராமரிப்பு வேலைகளை யாராவது செய்தே ஆகவேண்டும். திரும்பி வரும்போது பக்கத்துக் கடைக்காரரின் சாமானைக் காசுக்கு ஏற்றினால் அந்த லைசென்ஸ் அதற்குச் செல்லாது.

கேள்வி: எங்கள் வெளி மனேஜர் போன வாரம் விலகிவிட்டார். லொறியை நிறுத்த வேண்டுமா?
- கவென்ட்ரி வாசகர்

பதில்: அவர் விலகியதை 28 நாளுக்குள் ட்ராஃபிக் கமிஷனருக்கு அறிவிக்க வேண்டும். நாங்கள் இன்றே அறிவிக்கச் சொல்வோம். அதே கடிதத்தில் அவகாசமும் கேளுங்கள். ஆறு மாதம் வரை கொடுக்கலாம், ஆனால் அது உரிமையாகக் கிடைப்பதல்ல. புது ஆளை எப்படித் தேடுகிறீர்கள், நீங்கள் பரீட்சைக்குப் பதிந்திருந்தால் எந்தத் திகதிக்கு, இடையில் டாக்கோவையும் பராமரிப்பையும் யார் பார்க்கிறார்கள் என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். இந்த நேரத்தில் தனியாள் வியாபாரத்தை லிமிட்டட் கொம்பனியாக மாற்ற யோசித்தால் சற்றுப் பொறுங்கள். லைசென்ஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறாது. கொம்பனிக்குப் புதிதாக விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகே கொம்பனியின் பெயரில் லொறி ஓடலாம்.