டிஎல்எல் செயற்கூறுகளைப் பெயரால் வெளியிடுவதா, எண்ணால் வெளியிடுவதா?

மதுரை விளக்குத்தூண் பகுதி ஜவுளிக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தரும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "வரிக் கணக்கீட்டை 32 பிட் டிஎல்எல் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் விண்டோஸ் நூலகக் கோப்பு) ஒன்றில் வைத்து, அதன் செயற்கூறுகளை (ஃபங்ஷன்களை) வரிசை எண்ணால் அழைக்கிறோம். புதிதாக ஒரு செயற்கூறைச் சேர்த்து டிஎல்எல்லை மட்டும் மாற்றியதும், கடைகளில் உள்ள பழைய நிரல்கள் தவறான தொகையைக் காட்டுகின்றன. பெயருக்கு மாறிவிடலாமா?"

மாறிவிடுங்கள், ஆனால் பழைய எண்களைக் கைவிடாமல் மாறுங்கள்.

எண்ணை நீங்களே குறிப்பிடாவிட்டால், கம்பைல் ஆன துண்டுகளை இணைத்து டிஎல்எல்லை உருவாக்கும் லிங்கர் தன் போக்கில் எண்களை இடும் என்பதால், புதிய செயற்கூறு ஒன்று இடையில் நுழைந்ததும் மற்றவற்றின் எண்கள் நகர்ந்துவிடக்கூடும். மாட்டுத்தாவணியில் பெயர்ப்பலகையைப் படிக்காமல் நடைமேடை எண்ணை மட்டும் நம்பி ஏறியவரைப் போல, உங்கள் பழைய நிரல் அதே எண்ணில் வேறொரு செயற்கூறை அழைக்கிறது. பெயரால் தேடியிருந்தால், இல்லாத பெயருக்கு, செயற்கூறின் முகவரியைத் தேடித் தரும் விண்டோஸின் 'கெட்பிராக்அட்ரஸ்' வெற்றுச் சுட்டியை (நல் பாயின்டரை) திருப்பியிருக்கும், நிரலும் அதைக் கண்டுகொண்டிருக்கும். எண் நகர்ந்தாலோ பிழைச்செய்தி எதுவும் வராமல் பில் தவறாக அச்சாகும். வாடிக்கையாளரின் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இதைவிட ஆபத்தானது வேறில்லை.

எண்ணால் அழைத்தால் வேகம் கூடும் என்ற எண்ணத்திற்கு இன்று பெரிதாக அடிப்படை இல்லை. டிஎல்எல் வெளியிடும் செயற்கூறுகளைப் பட்டியலிடும் ஏற்றுமதி அட்டவணையில் பெயர்கள் வரிசைப்படுத்தப்பட்டே இருப்பதால் பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் இருமத் தேடல் போதுமானது; அந்தத் தேடலும் முகவரியைப் பெறும்போது நடப்பதே தவிர, ஒவ்வோர் அழைப்பின்போதும் நடப்பதன்று.

முதலில், கடைகளில் சரியாக ஓடிய பழைய டிஎல்எல்லை, விஷுவல் ஸ்டுடியோவுடன் வரும் 'டம்ப்பின்' கருவியில் 'எக்ஸ்போர்ட்ஸ்' தேர்வுடன் திறந்து, எந்தப் பெயருக்கு எந்த எண் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, எவற்றை வெளியிட வேண்டும் என்று லிங்கருக்குச் சொல்லும் டெஃப் கோப்பின் 'எக்ஸ்போர்ட்ஸ்' பகுதியில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் @ குறியிட்டு அதே எண்ணை எழுதுங்கள். புதியவற்றுக்குக் கடைசி எண்ணுக்கு அடுத்த எண்களைக் கொடுங்கள். நீக்கிய செயற்கூறின் எண்ணை ஒருபோதும் வேறொன்றுக்குத் தராதீர்கள். 'நோநேம்' என்ற சொல்லைச் சேர்த்தால் பெயர் அட்டவணையிலிருந்தே போய்விடும் என்பதால் அது வேண்டாம். இவ்வாறு செய்தால் பழைய நிரல்கள் எண்ணாலும் புதியவை பெயராலும் ஒரே டிஎல்எல்லை அழைக்கலாம்.

பெயரால் அழைக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சி++ கம்பைலர் பெயர்களை உருமாற்றும். அதைத் தவிர்க்க 'எக்ஸ்டெர்ன் சி' என்று அறிவித்தாலும், 32 பிட்டில் 'எஸ்டிடிகால்' என்ற அழைப்பு முறையைப் பின்பற்றும் செயற்கூறுகளின் பெயருக்கு முன்னால் அடிக்கோடும் பின்னால் @ குறியும் அளவுருக்களின் பைட் எண்ணிக்கையும் ஒட்டிக்கொள்ளும். டெஃப் கோப்பில் வெறும் பெயரை எழுதினால் அந்தப் பெயரே வெளியாகும்.

ஒரு செயற்கூறின் அளவுருக்களை மாற்ற நேர்ந்தால், பழையதைத் தொடாமல் புதிய பெயரிலும் புதிய எண்ணிலும் இன்னொன்றை எழுதுங்கள். அந்த மாற்றத்தைப் பெயரோ எண்ணோ பழைய நிரலுக்குத் தெரிவிக்காது.