13 என்று வந்தால் பாஸ்வேர்டைத் தொடாதீர்கள்

கேள்வி: லினக்ஸ் சர்வரில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் கிளையன்டைத் திறந்தால் பிழை 2002 வருகிறது. சாக்கெட் (கிளையன்டும் சர்வரும் பேசிக்கொள்ளும் கோப்பு) வழியாக இணைய முடியவில்லை என்று சொல்லி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் 13 என்று முடிகிறது. சுடோ (நிர்வாகியான ரூட்டின் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டால் திறக்கிறது. பாஸ்வேர்டை மாற்றியும் பயனில்லை. தரவுக் கோப்பகத்துக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுக்கச் சொல்கிறார் நண்பர். கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பாஸ்வேர்டையும் விட்டுவிடுங்கள், உங்கள் கோரிக்கை இன்னும் டேட்டாபேஸ் வரை போய்ச் சேரவே இல்லை. அந்த 13 லினக்ஸ் தரும் எண். அனுமதி இல்லை என்று பொருள். அதே இடத்தில் 2 இருந்தால் சாக்கெட் கோப்பே இல்லை. பெரும்பாலும் சர்வர் ஓடவில்லை. பாஸ்வேர்ட் தப்பென்றால் வருவது 1045. இதைக் கவனிக்காமல்தான் பலர் மணிக்கணக்கில் பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

சாக்கெட்டும் ஒரு கோப்புதான். அதில் எழுதும் அனுமதி வேண்டும். அது போக, அங்கே போகும் வழியில் உள்ள ஒவ்வொரு கோப்பகத்திலும் உங்கள் கணக்குக்கு எக்ஸ் அனுமதி, அதாவது கடந்து போகும் அனுமதி, வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் 13தான். ரூட்டுக்கு இந்தத் தடை கிடையாது, அதனால்தான் சுடோ போட்டதும் திறந்தது. பிழைச் செய்தியில் இருக்கும் சாக்கெட் பாதையை அப்படியே எடுத்து, நேம்ஐ கட்டளைக்கு எல் ஆப்ஷனோடு (namei -l) கொடுங்கள். வழியிலுள்ள கோப்பகங்களின் அனுமதியும் உரிமையாளரும் வரிவரியாக வரும். எங்கே தடைபடுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ரெட்ஹாட் வகை லினக்ஸில் சாக்கெட் பொதுவாகத் தரவுக் கோப்பகத்துக்குள்ளேயே, /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் என்ற இடத்தில் இருக்கும். பாதுகாப்புக்கென்று யாராவது அதை 700 (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) ஆக்கினால் மற்ற பயனர்கள் யாரும் உள்ளே வர முடியாது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் தணிக்கைக்கு முந்தைய மாலை இப்படிச் செய்துவிட்டு, ராத்திரி பேக்கப் ஏன் ஓடவில்லை என்று எல்லோரும் தேடினார்கள். 751 போதும். மற்றவர்கள் கடந்து போகலாம், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது. 777 கொடுத்தால் அந்த மெஷினில் கணக்கு உள்ள யார் வேண்டுமானாலும் தரவுக் கோப்பை அழிக்கலாம். சாக்கெட்டை எடுத்துவிட்டுத் தன் சாக்கெட்டை வைத்து, வருகிறவர்களை ஏமாற்றலாம். அதைத்தான் நினைத்துப் பயப்படுகிறேன்.

அனுமதியைச் சரிசெய்த பிறகு 1045 வந்தால் கலங்க வேண்டாம். அப்போதுதான் டேட்டாபேஸ் உங்களோடு பேசவே ஆரம்பித்திருக்கிறது. பாஸ்வேர்டை அப்போது பாருங்கள்.

கேள்வி: சுடோ மூலம் போஸ்ட்கிரஸ் பயனராக, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் கிளையன்டான பிஎஸ்கியூஎல்லைத் திறந்தால், என் ஹோம் கோப்பகத்துக்கு மாற முடியவில்லை, அனுமதி இல்லை என்று ஒரு வரி வருகிறது. ஆனாலும் உள்ளே போய்விடுகிறது. ஏதாவது கெட்டுவிட்டதா?

பதில்: ஒன்றும் கெடவில்லை. நீங்கள் உங்கள் ஹோமில் நின்றுகொண்டு கட்டளை கொடுக்கிறீர்கள். போஸ்ட்கிரஸ் கணக்குக்கு அங்கே நுழைய அனுமதி இல்லை, அவ்வளவுதான். அந்த வரி வரக் கூடாதென்றால் முதலில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள / கோப்பகத்துக்கு மாறிவிட்டு, அப்புறம் திறங்கள். இதற்காக ஹோம் கோப்பகத்தின் அனுமதியைத் தளர்த்த வேண்டாம்.