பாக்கி கேட்கப் போனது யார்?

கேள்வி: வயது 39. திருப்பூர் பனியன் கம்பெனியில் 14 வருடமாக சூப்பர்வைசர். சொந்த ஊர் மண்டபம் பக்கம். வேலையை விட்டுவிட்டு, ஊரில் கருவாடு வாங்கி மதுரை, திருப்பூர் கடைகளுக்கு அனுப்பலாம் என்று நினைக்கிறேன். பி.எஃப். பணம் வரும். மானியக் கடனும் கிடைக்கும் என்கிறார்கள். நண்பனுக்குக் கொடுத்த 40,000 ரூபாய் ஒரு வருடமாக நிற்கிறது. கேட்க எனக்குக் கூச்சம். மனைவிதான் இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அது வந்தால் முதலுக்கு ஆகும். சொந்தத் தொழில் எனக்கு ஒத்துவருமா?

பதில்: தம்பி, கருவாட்டை அப்புறம் பார்ப்போம். கூச்சம் உங்களுக்கு, படியேறியது உங்கள் மனைவி. இதை ஏதோ வரவு செலவுக் கணக்கு மாதிரி எழுதியிருக்கிறீர்களே!

நீங்கள் இறங்கப்போகும் வியாபாரம் எப்படி நடக்கிறது தெரியுமா? கரையில் உப்புப் போட்டுக் காயவைக்கிற பெண்களுக்கு ரொக்கம் வேண்டும். பல இடங்களில் முன்பணமே கொடுத்து வைக்க வேண்டும். கடைக்காரரோ சரக்கைக் கடனில் எடுப்பார், 'அடுத்த லோடு வரட்டும், சேர்த்துத் தருகிறேன்' என்பார். ஆக, நெத்திலியைத் தரம் பார்த்து வாங்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி, அந்தக் கடை வாசலில் போய் நின்று பாக்கி கேட்பது. அங்கேயும் மனைவியை அனுப்புவீர்களா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீனை வைத்துத்தான் ஓட்ட வேண்டும், விலையும் ஏறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் போட்டது காயாது. இருப்பு வாங்கி வைத்தவர்தான் அந்த மாதங்களில் தாக்குப்பிடிப்பார். கையிருப்பெல்லாம் ஊரார் கல்லாவில் நின்றால் எதை வைத்து வாங்குவீர்கள்? மானியக் கடன் என்றால் மானியம் ஒரு பங்குதான். மீதி வங்கிக் கடன். வங்கிக்காரர் பாக்கி கேட்கக் கூச்சப்பட மாட்டார். பி.எஃப். பணத்தைத் தொடவே தொடாதீர்கள். அது நீங்கள் மட்டும் சேர்த்ததில்லை, 14 வருடம் வீட்டுச் செலவைச் சுருக்கியவளும் சேர்த்தது.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். பாக்கிக்காரர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், ஏச்சும் வாங்குவார். அம்மாவை ஒரு நாளும் அனுப்பியதில்லை. வீட்டுக்கு வர வேண்டிய அவமானத்தை முதலில் வாங்கிக்கொள்ளத்தான் குடும்பத் தலைவன் என்று ஒருவன். பழைய காலத்துப் பேச்சு என்று சிரித்தாலும் சரி.

வேலையை விட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பர் வீட்டுக்கு நீங்களே போங்கள், தனியாக. முழுதாக வராவிட்டால் தவணை பேசி, தேதி போட்டு எழுதி வாங்குங்கள். திரும்பி வந்ததும், அந்த இரண்டு முறையும் அங்கே என்ன பேச்சுக் கேட்டாள் என்று மனைவியிடம் கேளுங்கள். இதுவரை கேட்டிருக்க மாட்டீர்கள். அதன் பிறகு எனக்கு எழுதுங்கள், கருவாட்டைப் பற்றிப் பேசலாம்.