பள்ளி தொடங்கும் முன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்தவர்களில், பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து, பழைய மரபுப்படி ஒரு கத்தோலிக்கப் பள்ளி தொடங்கலாம் என்று ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். தினமும் காலைப் பூசை, ஞானோபதேசம் என்ற மறைக்கல்வி, இலத்தீன், கண்டிப்பான ஒழுங்கு என்று எல்லாம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கட்டணத்தில்தான் இழுபறி. அந்தக் காலத்துப் பள்ளிகளைத் தொடங்கியவர்கள் எந்த இலட்சியத்தோடு தொடங்கினார்கள்? நாங்கள் சரியான வழியில்தான் போகிறோமா?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் எனக்குச் சந்தோஷம் தந்தது. பிள்ளைகளின் கல்விக்கு முதல் பொறுப்பு பெற்றோருடையது என்று உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது, அதனால் நீங்கள் இறங்கியிருப்பது உங்களுடைய வேலையில்தான். ஒன்று மட்டும்: 'கத்தோலிக்கப் பள்ளி' என்று பெயர்ப்பலகை வைக்கத் திருச்சபை அதிகாரியின், அதாவது வழக்கமாக உங்கள் ஆயரின் சம்மதம் வேண்டும். அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தொடங்கியவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே ஞாபகம் வருபவர் பிரான்சின் ரைம்ஸ் நகரத்துக் குரு லசால். 1651இல் வசதியான வீட்டில் பிறந்தவர், பதினைந்து வயதிலேயே பேராலயத்தில் கனோன் பதவி, அதாவது அங்கே வழிபாடு நடத்தும் குழுவில் மானியத்தோடு கூடிய இடம், கிடைத்துவிட்டது. பள்ளி நடத்தும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. ஏழைப் பையன்களுக்குப் பள்ளி வைக்க வந்த ஒருவருக்கு 1679இல் உதவப் போய் மாட்டிக்கொண்டார். வந்து சேர்ந்த ஆசிரியர்கள் சரியான பயிற்சி இல்லாதவர்கள். அவர்களைத் தன் வேலைக்காரனுக்கும் கீழாகத்தான் முதலில் நினைத்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்களைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார், அடுத்த வருடம் தங்கவே வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், அவர் பொறுப்பில் இருந்த தம்பிகளையும் பிரித்துக்கொண்டு போனார்கள்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். 'கடவுள் பார்த்துக்கொள்வார், நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்' என்று அவர் ஆசிரியர்களிடம் சொல்ல, அவர்கள் பட்டென்று கேட்டார்கள்: உங்களுக்குச் சொத்து இருக்கிறது, பதவி இருக்கிறது, சொல்வீர்கள், பள்ளி மூடினால் நாங்கள் தெருவில் அல்லவா நிற்போம்? லசாலுக்கு இது சுருக்கென்று தைத்தது. 1683இல் கனோன் பதவியை விட்டார். அதையொட்டி வந்த பஞ்சத்தில் தன் சொத்தை ரொட்டியாக ஏழைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தார். இனி அவரும் அவர்களும் ஒரே நிலைதான். அவர் தொடங்கிய ஆசிரியர்களின் துறவறச் சபை உண்மையில் உருவானது அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

இலத்தீன் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைய பள்ளிகளில் வாசிப்பை இலத்தீனிலிருந்துதான் தொடங்குவார்கள். கைத்தொழில் செய்பவரின் பையன் சில வருடத்தில் வேலைக்குப் போய்விடுவான், வாசித்ததற்கு அர்த்தமும் தெரியாது. லசால் பிரெஞ்சில் தொடங்கினார், அது வந்தால் இலத்தீன் எழுத்தையும் பிறகு வாசித்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. சேசு சபையாருக்கு வேறு கணக்கு. 1548இல் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள மெசினாவில் பள்ளி தொடங்கி, 1599இல் விரிவான கல்வி முறையை வகுத்தபோது இலத்தீன்தான் அதன் நடு, ஏனென்றால் அன்று மேற்படிப்பு முழுக்க அதில் இருந்தது. ஆக எந்தப் பிள்ளைக்கு, அவன் எங்கே போகப்போகிறான் என்று பார்த்துத்தான் இரண்டு பேருமே முடிவெடுத்தார்கள். நீங்களும் இலத்தீன் வையுங்கள், எனக்கு அதன் மேல் பிரியம் உண்டு, ஆனால் ஏன் வைக்கிறீர்கள் என்று பிள்ளைக்கே புரியும்படி சொல்ல முடிய வேண்டும்.

ஒழுங்கு விஷயம். லசால் பள்ளிகளின் நடைமுறை நூல் 1720இல் அச்சானது. ஆசிரியர் அதிகம் பேசக்கூடாது, கையில் உள்ள சிறு மரக்கருவியைத் தட்டிச் சைகை காட்ட வேண்டும், இப்படிக் கண்டிப்புக்குக் குறைவே இல்லை. பிரம்பும் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன், அதை நீங்கள் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் தண்டனை அபூர்வமாக இருந்தால்தான் பள்ளி நன்றாக நடக்கிறது என்று அர்த்தம் என்று அதே நூல் சொல்கிறது. ஒரு பையன் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை, வீட்டில் கஷ்டமா, பெற்றோர் அசட்டையா, ஆசிரியரே காரணமா என்று விசாரிக்கச் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது காலைச் சாப்பாடு. பிள்ளைகள் கொண்டுவந்த ரொட்டியை வகுப்பிலேயே சாப்பிடும்போது, ஒரு பையன் கூடையோடு சுற்றி வருவான். மிச்சமிருப்பதை அதில் போடலாம், ஒன்றும் கொண்டுவராத பையனுக்கு அது போகும். ஞானோபதேசத்தில் படிக்கும் பிறரன்பு அந்தக் கூடையில் இருக்கிறது.

கட்டணம்? லசாலுக்கு முன்பே, 1597இல், ரோமின் திராஸ்தேவரே பகுதியில் ஜோசப் கலசன்ஸ் என்ற குரு இலவசப் பள்ளி தொடங்கினார், அதற்கென ஒரு துறவறச் சபையும் அமைத்தார். சேரிப் பையன்களுக்கு எழுத்தும் கணக்கும். எண்பது வயதைத் தாண்டியவரை ரோம் தெருக்கள் வழியே கைதியாக அழைத்துப்போனார்கள், 1646இல் அவர் சபையின் அந்தஸ்தையே திருத்தந்தை பறித்தார், அவர் இறந்து இருபத்தோரு வருடம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. லசால் மேலும் வழக்குப் போட்டார்கள், காசு வாங்கி எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள். இலவசப் பள்ளி நடத்திய இவர்கள் பட்ட பாடு அவ்வளவு. உங்களால் முழுவதும் இலவசமாக நடத்த முடியாமல் போகலாம். பதினைந்து குடும்பங்களுக்கு வெளியே, பணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பதையாவது கட்டணத்தை முடிவு செய்யும் முன் எழுதி வையுங்கள்.

கடிதத்தில் பூசை நேரம் வரை இருக்கிறது, ஆசிரியர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்கள் யார், யார் பயிற்சி கொடுப்பது, என்ன சம்பளம், பள்ளி நின்றுபோனால் அவர்கள் கதி என்ன? இதைப் பேசி முடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்.