சென்னை மொட்டை மாடியில் சம்பா கோதுமை விளைவித்து, வீட்டிலேயே உமி நீக்கி ரவையாக்க முடியுமா?

முடியும். ஆனால் இதில் சிரமமான பாதி விளைவிப்பது இல்லை, உமி நீக்குவதுதான். அதற்கு வழி செய்துகொண்டபிறகு விதை வாங்குங்கள்.

சம்பா கோதுமை என்பது வடக்கே கப்லி என்று சொல்லும் அதே பழைய இனம். சாதாரண கோதுமைக் கதிரை அடித்தால் மணி தனியாக உதிரும். சம்பாவை அடித்தால் கதிர் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பெரும்பாலும் இரண்டு மணிகள், தடித்த உமி இறுக மூடியபடி இருக்கும். அது அந்த இனத்தின் இயல்பு. சரியாக அடிபடவில்லை என்று நினைத்து மேலும் மேலும் அடித்தால் மணிதான் நொறுங்கும்.

முதலில் விதை. கடையில் சம்பா கோதுமை என்று கிடைப்பது உமி நீக்கியது. அதில் முளைப்பகுதி அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெயரில் வேறு நீளக் கோதுமையை விற்பதும் உண்டு. உண்மையான சம்பா சிவப்போடிய நிறத்தில், ஒல்லியாக, இரு முனையும் கூம்பி, முதுகில் லேசான திமிலோடு இருக்கும். பயிரிடும் விவசாயியிடம் உமியோடு கேட்டு வாங்குவதே சரி. நீலகிரி வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் கொண்டுவந்த ஹெச்டபிள்யூ 1098 குட்டை ரகம், காற்றில் எளிதில் சாயாது. மாடிக்கு அதைத்தான் நான் சொல்வேன். ஐன்கார்ன், ஸ்பெல்ட் என்று இணையத்தில் விற்கும் வெளிநாட்டு உமிக் கோதுமை விதைகளில் பல குளிர்கால ரகங்கள். பல வாரம் கடும் குளிர் பட்டால்தான் அவை கதிர் விடும். சென்னையில் வெறும் புல்லாகவே நின்றுவிடும்.

விதையை உமியோடே ஊன்றலாம். தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் சோதனை இதற்குப் பொருந்தாது, உமிக்குள் காற்று இருப்பதால் நல்ல விதையும் மிதக்கும். பத்து துண்டுகளை ஈரத்துணியில் சுற்றி ஐந்தாறு நாள் வைத்துப் பாருங்கள். குறைந்தது எட்டு முளைத்தால் போதும்.

கார்த்திகைக்குள் விதைத்துவிட வேண்டும். நவம்பர் கடைசி வாரம் முதல் டிசம்பர் 10 வரை நல்ல காலம். அப்போதுதான் தை மாதக் குளிரில் பூத்து, வெயில் ஏறுவதற்குள் மணி பால் பிடிக்கும். பொங்கலுக்குப் பிறகு விதைத்தால் மணி முற்றும் நேரத்தில் பகல் வெப்பம் 34 டிகிரியைத் தாண்டிவிடும். கதிர் இருக்கும், உள்ளே மணி சுருங்கிக் கிடக்கும்.

மாடியின் பாரத்தையும் பாருங்கள். ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை மட்டும் நிரப்பினால், நனைந்தபின் சதுர மீட்டருக்கு அரை டன் வரும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு நம் கட்டடத் தரநிலை கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆகவே செம்மண், மக்கிய தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து 20 செ.மீ. ஆழம் நிரப்புங்கள். இதுவும் கனம்தான் என்பதால் பைகளைச் சுவர், உத்திரம் போகும் வரிசையில் மட்டும் வையுங்கள். அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் மழைத்தண்ணீர் வடியும், தளச்சூடும் வேரை எட்டாது.

வரிசைக்கு வரிசை 20 செ.மீ., விதைக்கு விதை 4 செ.மீ., ஆழம் 4 செ.மீ. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 125 துண்டுகள், 13 கிராம் அளவு. இருபதாம் நாளிலிருந்து இருபத்தைந்துக்குள் தண்டின் அடியிலிருந்து மேல்வேர் இறங்கும். அந்த வாரம் மண் காயவே கூடாது, காய்ந்தால் தூர் வெடிப்பது, அதாவது அடியிலிருந்து பக்கத்தண்டுகள் கிளைப்பது, குறைந்துவிடும். உரம் அதிகமானால் பயிர் மதமதவென்று வளர்ந்து சாயும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், முளைத்து வேர் பிடிக்கும்வரை மழைநீரோ குடிநீரோ ஊற்றுங்கள். பால் பிடித்ததும் வலை போட்டுவிடுங்கள். கிளியும் அணிலும் அன்றே வந்துவிடும்.

ஏறக்குறைய நூறு நாளில், மாசிக் கடைசியில் அறுப்பு வரும். நகத்தால் அழுத்தினால் பதியாமல், பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். வெயில் ஏறுமுன் அறுத்து, இரண்டு மூன்று நாள் காயவைத்து, சாக்கில் போட்டுக் கோலால் மெதுவாகத் தட்டுங்கள். சென்னை மாடியில் சதுர மீட்டருக்கு 150 கிராம் மணி கிடைத்தால் நல்ல விளைச்சல். உப்புமா தினமும் வேண்டுமென்றால் விவசாயியிடம் உமியோடு பத்து கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். குத்தினால் ஏழு, ஏழரை கிலோ தேறும்.

இனி உமி. உரல் இருந்தால் கிலோவுக்கு 50 மில்லி தண்ணீர் தெளித்துப் பிசறி 15 நிமிடம் மூடி வையுங்கள். ஈரம் பட்டதும் உமி துவண்டு, மணி உடையாமல் நழுவும். உரலை அரைவாசி நிரப்பி, பூண் போடாத மர உலக்கையால் குத்துங்கள். மணியோடு மணி உரசித்தான் உமி கழல வேண்டும். உரலில் கொஞ்சமாகப் போட்டால் உலக்கை நேராக மணியில் விழுந்து நொய்யாகிவிடும். குத்தியதை ஒரு மணி நேரம் வெயிலில் உலர்த்திவிட்டு முறத்தில் புடையுங்கள், ஈர உமி பறக்காது. பிறகு முறத்தைப் பக்கவாட்டில் அசைத்து நாவினால் நொய் ஒருபக்கமும் முழுமணி ஒருபக்கமும் ஒதுங்கும். உமி கழலாத துண்டுகளை மறுபடி உரலுக்கு அனுப்புங்கள். மூன்று சுற்றில் பெரும்பகுதி முடியும்.

உரல் இல்லாத வீட்டுக்கு, கையால் சுற்றும் இரும்பு மாவு மில் உதவும். அரைக்கும் இரண்டு தட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, 6 மி.மீ. ரப்பர் ஷீட் ஒட்டிய தட்டை மாட்டுங்கள். ஷீட் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இடைவெளி மணியின் தடிமனைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். இதில் தண்ணீர் தெளிக்க வேண்டாம், நன்றாகக் காய்ந்த உமிதான் உடையும். உடைந்த மணி நிறைய வந்தால் இடைவெளி போதவில்லை; முழுத் துண்டே வெளியே வந்தால் கொஞ்சம் இறுக்குங்கள். மிக்ஸியில் மட்டும் உமியோடு அரைக்காதீர்கள். தூளான உமியை எந்தச் சல்லடையாலும் முழுதாகப் பிரிக்க முடியாது, அது தொண்டையை அறுக்கும்.

உமி நீக்கிய மணியை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டிச் சலித்தால் ரவை தயார். வாணலியில் மணம் வர வறுத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் வையுங்கள். மாவாக்கினால் சப்பாத்தி மாவு சாதாரணக் கோதுமை மாதிரி இழுபடாது. தண்ணீரைக் குறைத்துப் பிசைந்து அரை மணி ஊறவிட்டு, சற்றுத் தடிமனாகத் தேயுங்கள். பசை வலுக்குறைவு என்பதால் பசைப்புரதமான குளூட்டன் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்குச் சம்பாவும் ஆகாது.

சேமிக்கும்போது உமியோடே வையுங்கள். வண்டு எளிதில் துளைக்காது. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் குத்துங்கள். அரைத்த மாவு சென்னை வெக்கையில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதனால் ஃப்ரிட்ஜில் காற்றுப்புகாத டப்பாவில்தான் அதற்கு இடம்.